வாடுவதற்கு இடம் இருக்கிறது

அன்புள்ள ஐயா,
டோம்பிவிலியிலிருந்து மும்பை சி.எஸ்.டி. ஸ்டேஷனுக்கு தினமும் லோக்கல் ரயிலில் போய்வருகிறேன். ஒரு வருடமாகக் கதை எழுதிப் பார்க்கிறேன். நாளுக்கு எத்தனை சொல் எழுத வேண்டும்? எழுதக் கற்றுத்தரும் ஆங்கிலப் புத்தகங்களில் எதை வாங்கலாம்? ஆபீஸில் இந்தியே பேசி என் தமிழ் கெட்டுவிடுமோ? கதை ஒன்று இணைத்திருக்கிறேன்.
கா.

அன்புள்ள கா.,

சொல் கணக்கை விடுங்கள், அது தையல் கூலி மாதிரி. புத்தகம் வேண்டுமென்றால் நன்னூல் வாங்குங்கள். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே நூலுக்குப் பத்துக் குற்றம் சொல்லியிருக்கிறார். அதில் ஒன்று ‘வெற்றெனத் தொடுத்தல்’. பொருள் இல்லாமல் சொல்லைக் கோத்துக்கொண்டே போவது. உங்கள் முதல் நாலு பக்கமும் அதுதான். ‘மனதை வருடும் மாலைப்பொழுது’ என்கிறீர்கள். மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக அரைத் தொடையை ஒட்டிக்கொண்டு வருகிறவரை எந்த மாலை ஐயா வருடியது?

போன வாரம் பரணை ஒழித்தபோது, தபாலில் போகாத நீல இன்லாந்து லெட்டர் ஒன்று கிடைத்தது. அதிலிருந்து இதே நினைப்புதான். 1984இல் தாராவியில், 90 அடி ரோட்டுக்குப் பின்னால் எங்கள் கோலி, அதாவது ஒற்றை அறை வீடு. எனக்குப் பன்னிரண்டு வயது. அந்தச் சந்திலிருந்து திருநெல்வேலிப் பக்கம் போகிற கடிதமெல்லாம் என் கையெழுத்து. எதிர்க் கோலி அத்தை சொல்லச் சொல்ல எழுதி முடித்ததும், “வாசில” என்றாள். ‘தங்கள் நினைவால் வாடும் மகள்’ வரைக்கும் கம்பீரமாக வாசித்தேன்.

“இத யாருல சொன்னா? வெள்ளாடு கால் நொண்டுச்சே, இப்ப எப்படி இருக்குன்னு கேக்கச் சொன்னேனே, அது எங்க?”

“இடமில்லை அத்தை.”

“வாடுறதுக்கு இடம் இருக்கு, ஆட்டுக்கு இல்லியோ?”

வேறு இன்லாந்து வாங்கிவரச் சொல்லி மறுபடி எழுத வைத்தாள். எனக்கு அழுகை. இந்தத் தடவை ஆடு முதல் வரியில் வந்தது. ஊரிலிருந்து வந்த பதிலிலும் ஆடுதான் முதல் வரி.

மற்றொன்று விரித்தலும் பவணந்தி சொன்ன குற்றம்தான். தெரியும். தமிழ் கெடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். அத்தை பேச்சில் பாதி இந்தி. அவளுக்கு ஒன்றும் கெடவில்லை.

சரி, தம்பி, கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் கதையைச் சத்தமாக வாசியுங்கள். நாக்கு கூசுகிற இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். ஐந்தாம் பக்கத்தில் அப்பா டிபன் டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்து சமையல் மேடையில் வைக்கிறாரே, அங்கே எனக்குத் தொண்டை அடைத்தது. அதற்கு முன்னால் இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு மாட்டுங்காவில் காய் வாங்கப் போவேன்.