பில்லிங் அறை பிடித்துப்போன பெண்ணுக்கு எந்தப் படிப்பு?

அம்மா, உங்கள் மகள் பி.இ. சிவில் கடைசி வருஷம். லண்டனில் இருக்கும் அவளுடைய பெரியப்பா, "அங்கேயே இருந்து என்ன செய்யப்போகிறாள்? கட்டுமானச் சட்டத்தில் ஒரு வருஷ மாஸ்டர்ஸுக்கு இங்கே அனுப்பு" என்று வாரம் தவறாமல் போன் செய்கிறார். அதற்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் பத்திரத்தை வைக்காதீர்கள்.

பொறியாளர்களைச் சேர்த்துக்கொள்ளும் அந்த மாஸ்டர்ஸ் எல்.எல்.பி. ஆகாது. அதை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே வக்கீலாகப் பதிய முடியாது. பதிவதற்கு, பட்டப்படிப்புக்குப் பிறகு மூன்று வருஷ எல்.எல்.பி. வேண்டும், அதையும் வகுப்புக்கு நேரில் போய்ப் படிக்க வேண்டும், தபால் வழிச் சட்டப் பட்டம் செல்லாது. சைட்டில் சில வருஷம் வேலை பார்த்து, கான்ட்ராக்ட் தகராறில் கை நனைத்தவருக்கு லண்டன் படிப்பு பயன்படும். 22 வயதில் வெறும் கையோடு போகிறவருக்குக் கடன்தான் மிஞ்சும்.

கட்டுமானத் தகராறுகளைக் கையாளும் துறை வளர்கிறது என்று பெரியப்பா சொல்வது சரிதான். அவற்றைத் தீர்க்கும் வழிகளும் மாறிவருகின்றன. மத்திய நிதி அமைச்சகம் 2024 ஜூனில் அரசுக் கொள்முதல் ஒப்பந்தங்களுக்கு ஒரு வழிகாட்டுதல் தந்தது. ஆர்பிட்ரேஷனை, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் தீர்ப்புச் சொல்வதை, பொதுவாக 10 கோடி ரூபாய்க்குக் குறைவான தகராறுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மற்றவற்றில் மீடியேஷனை, அதாவது சமரசப் பேச்சை, முயலுங்கள் என்பது அதன் சாரம். அதே வருஷம் நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசு நிறுவனம் தானே வைத்திருக்கும் பட்டியலிலிருந்துதான் நடுவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. எந்த வழியில் போனாலும், கணக்கும் ஆதாரமும் முன்கூட்டியே தயாராக இருப்பவர் பேச்சுதான் எடுபடும். அவற்றைத் தயார் செய்கிற ஆளைப் பற்றி உங்கள் உறவினர் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கேட், டிஎன்பிஎஸ்சி, ஐடி பற்றியெல்லாம் அவர்களே நிறையச் சொல்லியிருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

நான் சொல்வது கான்ட்ராக்ட்ஸ் அண்ட் கிளெய்ம்ஸ் இன்ஜினியர் வேலை. ஒப்பந்தப்படி வரவேண்டிய பணத்தையும் கால நீட்டிப்பையும் ஆதாரத்தோடு கேட்டு எழுதுவதுதான் கிளெய்ம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வேலை செய்தவருக்குப் பணம் வராவிட்டால் அந்தச் சொத்தின் மேலேயே லீன், அதாவது பாக்கிக்கான பிடிமானம், பதியலாம். அதற்கு 60 நாள் கெடு. நம் நாட்டில் கான்ட்ராக்டருக்குக் கட்டடத்தின் மேல் அப்படி ஒரு பொதுவான சட்டப் பிடி இல்லை. பெரும்பாலும் காகிதம்தான் அவருடைய பிடி.

ஒரு பாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 கோடி ரூபாய், 24 மாதம். இரண்டு தூணுக்கான நிலம் ஐந்து மாதம் தாமதமாகக் கைக்கு வருகிறது. கான்ட்ராக்டர் பேசாமல் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினால், பிறகு இழப்பீடு கேட்பது சிக்கலாகிவிடும். ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, தாமதத்தை ஏற்கும்போதே இழப்பீடு கேட்பேன் என்று அறிவிக்கச் சொல்கிறது. ஃபிடிக் 2017 என்ற சர்வதேச மாதிரி ஒப்பந்தமாக இருந்தால் 28 நாளுக்குள் நோட்டீஸ், 84 நாளுக்குள் முழு விவரம். நாள் தவறினால் நியாயமான கிளெய்மும் போய்விடக்கூடும்.

அடுத்து, அந்த ஐந்து மாதம் முழுவதும் வேலை முடியும் தேதியைத் தள்ளியதா என்று பார்க்க வேண்டும். பக்கத்துத் தூண்களில் அதே நேரத்தில் கான்ட்ராக்டரிடமே கம்பி இல்லாமல் வேலை நின்றிருந்தால் கணக்கு மாறும். பிரைமவேரா என்ற திட்டமிடல் மென்பொருளில் மாதாமாதம் புதுப்பித்த வேலை அட்டவணை இல்லாவிட்டால் இதை நிரூபிப்பது மிகக் கடினம்.

பிறகு பணம். தாமத இழப்பைக் கணக்கிடும் ஹட்சன் சூத்திரப்படி, ஒப்பந்தத் தொகையைக் காலத்தால் வகுத்தால் மாதம் 1 கோடி. தலைமை அலுவலகச் செலவும் லாபமும் 10 சதவீதம் என்றால் மாதம் 10 லட்சம், ஐந்து மாதத்துக்கு 50 லட்சம். இத்தோடு விட்டால் தோற்றுப்போவார்கள். லாப இழப்புக்கு வெறும் சூத்திரம் போதாது, நம்பத்தகுந்த ஆதாரம் வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்த வேலையில் ஆள் முடங்கியதால் வேறு எந்த டெண்டரை விட்டோம் என்பது வரை காட்ட வேண்டியிருக்கும். வேலைக்கு வந்த தடைகளைக் குறிக்கும் ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர், தினசரி அறிக்கை, இயந்திர லாக் புக், தேதியிட்ட புகைப்படம் எல்லாம் இருக்க வேண்டும், அதுவும் அன்றன்றே எழுதியதாக. வழக்கு வந்த பிறகு ஒரே பேனாவில் எழுதிய ரெஜிஸ்டரை எதிர்த்தரப்பு வக்கீல் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

உங்கள் மகள் இன்டர்ன்ஷிப்பில் கான்கிரீட் போடுவதைவிட பில்லிங் அறையில், முடிந்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தைச் சரிபார்ப்பதுதான் பிடித்தது என்று சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுவும் போகிறபோக்கில். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். கேம்பஸில் பிளானிங் அல்லது கான்ட்ராக்ட்ஸ் பிரிவில் இடம் கேட்கச் சொல்லுங்கள். சைட்டில் மூன்று வருஷம் இருக்கட்டும். பெண்களுக்குத் தங்குமிடம் என்ன ஏற்பாடு என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேளுங்கள். இதில் ஒரு ஆபத்து உண்டு. முடிந்த வேலைக்கு மாதாமாதம் ரன்னிங் பில் போடுவதிலேயே பலர் தேங்கிவிடுகிறார்கள். ஒரு வருஷத்துக்குள் கால நீட்டிப்பு விண்ணப்பம் ஒன்றையாவது அவள் கையால் எழுதியிருக்க வேண்டும். எழுத வாய்ப்பே தராத இடம் என்றால் மாறட்டும்.

மூன்று வருஷம் கழித்தும் நீதிமன்றத்தில் வாதாட ஆசை இருந்தால், அப்போது அரசு சட்டக் கல்லூரியில் எல்.எல்.பி. சேரலாம். ஆனால் சம்பள வேலையை முழுநேரமாகப் பார்த்துக்கொண்டே வக்கீல் தொழில் செய்ய முடியாது, இரண்டில் ஒன்றுதான். ஆர்பிட்ரேட்டர் ஆவதற்குச் சட்டப் பட்டம் கட்டாயமில்லை, பொறியாளர்களும் அந்த இருக்கையில் அமர்கிறார்கள்.

இப்போதைக்குச் செலவில்லாத ஒரு சோதனை. அரசு டெண்டர் தளத்திலிருந்து ஏதாவது ஒரு பாலத்தின் ஒப்பந்த ஆவணத்தை இறக்கித் தாருங்கள். யார், எதற்கு, எத்தனை நாளுக்குள் நோட்டீஸ் தர வேண்டும் என்று அவள் பட்டியல் போடட்டும். இரண்டு ஷரத்து ஒன்றுக்கொன்று முரண்படுகிறதே என்று கேட்டுக்கொண்டு வந்தால், பெரியப்பாவுக்கு நீங்களே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பத்துப் பக்கத்தில் சலித்து மூடிவைத்தால், நான் சொன்ன வழியும் அவளுக்கு வேண்டாம். என்ன பிடிக்கிறது என்று அவளையே உட்காரவைத்துக் கேளுங்கள்.