1900-ல் பாய்மரப் படகில் ஜெயித்த எலேன் து பூர்தலேஸ்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அண்ணா, ஒலிம்பிக்கில் ஜெயித்த முதல் பெண், டென்னிஸ் வீராங்கனை சார்லட் கூப்பர் என்றுதானே படித்திருக்கிறோம்?

"தனிநபர் போட்டியில்" என்ற சொல்லைப் பல புத்தகங்களில் விட்டுவிடுகிறார்கள் தம்பி. கூப்பர் ஜெயித்தது பாரிஸ் ஒலிம்பிக்கில், 1900 ஜூலை 11. அதற்கு ஏழு வாரம் முன்பே, மே 22 அன்று, 1 முதல் 2 டன் வகைப் பந்தயத்தில் லெரினா என்ற படகு முதலில் வந்தது, அதில் இருந்த மூன்று பேரில் ஒருவர் எலேன். ஒலிம்பிக்கில் வென்ற முதல் பெண் அவர்தான். மே 25-ல் அதே வகையின் அடுத்த பந்தயத்தில் லெரினாவுக்கு இரண்டாம் இடம்.

கேள்வி: எந்த ஊர்க்காரர் இந்தம்மா?

பிறந்தது 1868-ல் நியூயார்க்கில். தாய்வழியில் லோரில்லார்ட் என்ற பெரிய புகையிலைக் குடும்பம். 1891-ல் தன்னைவிட 21 வயது மூத்த, சுவிட்சர்லாந்துக்காரரான எர்மான் து பூர்தலேஸைக் கல்யாணம் செய்துகொண்டார், சுவிட்சர்லாந்து சார்பில் போட்டியிட்டது அந்த வழியில்தான்.

கேள்வி: சுவிட்சர்லாந்தில் கடலே கிடையாதே?

ஜெனீவா ஏரி இருக்கிறதே! எழுபது கிலோமீட்டருக்கு மேல் நீளம். அங்கே 1872-லேயே படகுச் சங்கம் வந்துவிட்டது, 2003-ல் அமெரிக்கா கோப்பை என்ற புகழ்பெற்ற பாய்மரப் பந்தயத்தை வென்றதும் அதே சங்கம்தான். அப்புறம், 1900 பந்தயமும் கடலில் நடக்கவில்லை, பாரிஸுக்கு மேற்கே மூலான் என்ற ஊரில், சேன் ஆற்றில் நடந்தது. ஆற்றில் காற்று எப்போது நின்றுபோகும் என்று சொல்ல முடியாது. மே 20-ல் எல்லா வகைப் படகுகளும் சேர்ந்து ஓடிய பந்தயத்தில் பெரும்பாலானவை முடிக்கவே இல்லை, லெரினாவும்தான். அந்த ஏமாற்றத்துக்கு இரண்டே நாள் கழித்து வந்த வெற்றி இது.

கேள்வி: 2 டன் என்றால் அவ்வளவு கனமா?

தராசில் நிறுத்த எடை இல்லை. படகின் நீளம், பாயின் பரப்பு இதையெல்லாம் வைத்துப் போடும் கணக்கு. அதற்கேற்ப நேரச் சலுகையும் உண்டு.

கேள்வி: கணவர் ஓட்டினார், மனைவி கூட உட்கார்ந்து வந்தார் என்று சொல்கிறார்களே சார்?

இதைக் கேட்டாலே எனக்கு வருத்தமாக இருக்கும். லெரினாவில் எர்மான், எலேன், உறவினர் பெர்னார், மூன்றே பேர். இந்த அளவுப் படகில் பாய்க்கயிற்றைக் காற்றுக்கு ஏற்ப இழுக்கவும் தளர்த்தவும் ஆள் வேண்டும், படகு ஒரு பக்கம் சாயும்போது உடம்பை மறுபக்கம் கொண்டுபோய் வைக்கவும் ஆள் வேண்டும், ஒருவர் சும்மா உட்கார்ந்தால் மற்ற இருவருக்கும் அது சுமைதான். அதுவும் பெண்கள் போட்டியிடுவதையே, நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய கூபெர்தென் விரும்பாத காலம். பாரிஸில் கலந்துகொண்ட 997 பேரில் பெண்கள் 22 பேர்தான்.

கேள்வி: தங்கப் பதக்கம் இப்போது எங்கே இருக்கிறது?

பதக்கமா? பாய்மரப் பந்தயத்தில் பணப்பரிசுதான். உலகக் கண்காட்சியோடு சேர்த்து நடத்தியதால் ஒலிம்பிக்கில் ஆடினோம் என்றே பலருக்குத் தெரியாது. அதே ஆண்டு கோல்ஃபில் ஜெயித்த மார்கரெட் அபட், 1955-ல் சாகும்வரை அது ஒலிம்பிக் வெற்றி என்று அறியவில்லை.

கேள்வி: அதன்பிறகு என்ன ஆனார்?

1904-ல் எர்மான் இறந்தார். எலேனுக்கு அப்போது 36 வயது. 1945-ல் ஜெனீவாவில் காலமானார்.

கேள்வி: அக்கா ஒருத்தி பாய்மரம் பழகுகிறாள். பெண்களுக்கென்று தனிப் பிரிவு எப்போது வந்தது?

1988 சியோல் ஒலிம்பிக்கில், 470 என்ற, இருவர் ஓட்டும் வகைப் படகில். எலேன் ஜெயித்து 88 வருஷம் கழித்து. அக்காவிடம் சொல்லுங்கள்.