'யீ ஓல்டு' பலகையில் இருக்கும் 'யீ'

லண்டன் கடைப் பலகையில் 'யீ ஓல்டு' (Ye Olde) என்று பார்த்தீர்கள். அகராதியோ 'யீ' என்றால் 'நீங்கள்' என்கிறது, பொருள் ஒட்டவில்லை என்கிறீர்கள். ஒட்டாதுதான், அது வேறு சொல். பலகையில் இருப்பது நமக்குத் தெரிந்த 'தி' (the).

பழைய ஆங்கிலத்தில் 'தி'யின் தொடக்கத்தில் வரும் 'th' ஒலிக்குத் 'தார்ன்' (þ) என்று தனி எழுத்தே இருந்தது. செங்குத்துக் கோடு, நடுவில் ஒரு வயிறு. கையால் எழுதி எழுதி அந்த வயிறு மேலே திறந்துகொண்டு, 'ஒய்' (y) போலவே ஆகிவிட்டது. 1476-இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கிய காலத்தில், ஐரோப்பாவிலிருந்து வந்த அச்செழுத்துகளில் தார்ன் கிடையாது. அப்புறம் 'ஒய்'யை வைத்தே ஒப்பேற்றினார்கள். 1611-இல் வந்த ஆங்கில பைபிளின் முதல் பதிப்பில்கூடச் சில இடங்களில் 'ஒய்' தலைமேல் குட்டி 'ஈ' (e) உட்கார்ந்திருக்கும், அதுவும் 'தி'தான்.

எனவே 'தி ஓல்டு' என்றே வாசியுங்கள். தார்னைப் பார்க்க ஆசையென்றால் ஐஸ்லாந்து மொழிச் செய்தித்தாள் எதையாவது திறங்கள், அங்கே இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.