ஓங்கிய கையின் முன்னால்

கேள்வி: என் அப்பாவுக்கு மூன்று ஆண்டுகளாக டிமென்ஷியா என்னும் மறதிநோய். சிறுவயதில் அவரிடம் நான் வாங்காத அடி இல்லை. இப்போது அவரைக் குளிப்பாட்டுவது நான்தான். மேலே தண்ணீர் பட்டதும் கையை ஓங்குகிறார். நான் அப்படியே உறைந்து நின்றுவிடுகிறேன். “ஒன்றும் அறியாத நோயாளியிடமா பயம்?” என்கிறார் அண்ணன். நான் கல்நெஞ்சுக்காரியா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இல்லை. அந்தக் கை ஓங்குவது நோயினால் என்று உங்கள் அறிவுக்குத் தெரிகிறது. உடலுக்கோ அது சிறுவயதில் பார்த்த அதே கைதான். உறைந்து நிற்பது பழைய மனக்காயத்தின் எதிர்வினையே தவிர, பாசக் குறைவு அன்று. மனக்காயத்தை அறிந்து செய்யும் பராமரிப்பு, ‘இவருக்கு என்ன கோளாறு?’ என்பதற்கு முன் ‘இவருக்கு என்ன நேர்ந்தது?’ என்று கேட்கச் சொல்கிறது. அதை நோயாளியைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு, அவரைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்க மறந்துவிடுகிறோம்.

அப்பாவுக்கும் அந்த நேரத்தில் பயம்தான். யார் தொடுகிறார்கள், ஏன் ஆடையைக் களைகிறார்கள் என்பது விளங்காத ஒருவருக்குத் தலையில் விழும் தண்ணீர் தாக்குதலாகவே படும். ஆகவே எதிரே நின்று, சொல்லிவிட்டுத் தொடுங்கள். தோளில் துண்டைப் போர்த்தியபடியே, வெதுவெதுப்பான நீரால் பாதத்திலிருந்து தொடங்கி, தலையைக் கடைசிக்கு விடுங்கள். முரண்டு பிடிக்கும் நாளில் ஈரத்துணியால் துடைத்தாலே போதும். கையை ஓங்கினால் அதைப் பிடித்து நிறுத்த வேண்டாம். அவர் விழுந்துவிடாதபடி உட்கார்ந்திருந்தால், ஓரடி பின்வாங்கி, உங்கள் பாதங்கள் தரையில் அழுந்துவதைக் கவனித்து, மூச்சை மெதுவாக விடுங்கள். இந்த ஆவேசம் திடீரென்று கூடினால் வலியோ சிறுநீர்த் தொற்றோ காரணமாக இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆளே எதிரில் இருக்க, அவரை இழந்துவிட்ட நிலையைப் பாலின் பாஸ் என்னும் ஆய்வாளர் ‘தெளிவற்ற இழப்பு’ என்றார். உங்களுக்கு அதில் இன்னொரு முடிச்சும் உண்டு: மன்னிப்புக் கேட்க வேண்டியவருக்குச் செய்ததே நினைவில் இல்லை. மன்னித்தால்தான் பராமரிக்க முடியும் என்று எவராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், இரண்டும் வெவ்வேறு. இதை மனநல ஆலோசகர் ஒருவரிடம் பேசுவது நல்லது. டிமென்ஷியா உள்ளவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ‘ஐசப்போர்ட்’ என்னும் பயிற்சிக் கையேடு, பராமரிப்பாளர் தம்மைக் கவனித்துக்கொள்வதையும் பயிற்சியின் பகுதியாகவே வைத்திருக்கிறது.

அண்ணனுக்கு ஒரு வார்த்தை: அறிவுரையை நிறுத்திவிட்டு, குளிப்பாட்டும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து, மருத்துவமனை, கணக்கு வழக்கு ஆகியவற்றைத் தங்கை பார்த்துக்கொள்ளட்டும்.