பக்கவாதம் வந்த அப்பாவுக்கு எந்த ஹோம்?

வணக்கம் சார். அப்பாவுக்கு வலது பக்கம் செயலிழந்து, மூக்குக் குழாய் வழியாகத்தான் உணவு, கோவையில் பார்த்த, நோயாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இரண்டு ஹோமும் சுத்தமாக இருக்கின்றன, எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

ஒருநாள் இரவு எட்டு மணிக்கு மேல் சொல்லாமல் போய்ப் பாருங்கள். அந்த நேரத்தில் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்ள எத்தனை ஆட்கள், அதில் பயிற்சி பெற்ற நர்ஸ் யார் என்று கேளுங்கள். பகலில் இருக்கும் ஆள்பலம் பல இடங்களில் இரவில் இருக்காது.

அப்பாவின் நிலையில் நான் அதிகம் பயப்படுவது படுக்கைப் புண்ணுக்கும், உணவு நுரையீரலுக்குள் போய்விடுவதற்கும்தான். தானாகப் புரள முடியாதவரைச் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அதைக் குறித்து வைக்கும் நோட்டைக் கேளுங்கள். ஒரு வாரப் பதிவும் ஒரே மூச்சில் எழுதியது போல இருந்தால் நம்பாதீர்கள். குழாயில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்ந்திருக்கிறதா, முடிந்த உடனே தாழ்த்திவிடாமல் இருக்கிறார்களா என்று நேரில் கவனியுங்கள்.

அப்புறம், திடீரென்று மூச்சுத் திணறினால் எந்த மருத்துவமனை, யார் கூடப் போவார்கள், முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் பார்க்க வர வேண்டும் என்று கறாராகச் சொல்லும் இடமென்றால், நான் சேர்க்க மாட்டேன்.