ஊரடங்கு, மது, மாத்திரை: மனநல மருத்துவர் பதில்கள்

கே: 2020 மார்ச்சில் மதுக்கடைகளை மூடிய மூன்றாம் நாள், பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார். கொரோனா பயத்தால் மூளை குழம்பிவிட்டதா?

ப: பயம் காரணமில்லை. தினமும் குடித்த குடி திடீரென்று நின்றதுதான் காரணம். மது மூளையை மந்தமாக்கும். அதை ஈடுகட்ட மூளை எப்போதும் முடுக்கத்திலேயே இருந்து பழகிவிடும். மது நின்றதும் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. முதல் நாளில் நடுக்கம், வியர்வை. ஒன்றிரண்டு நாளில் வலிப்பு வரலாம். அப்புறம் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், உயிரும் போகலாம். இப்படி வருபவருக்கு குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட வேண்டும். எதையும் திடீரென்று நிறுத்தாதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

கே: அப்படியானால் மருத்துவர் சீட்டுக்கு மது தரலாம் என்ற கேரள அரசின் உத்தரவு சரிதானே?

ப: சரியில்லை. அந்த உத்தரவை மருத்துவர்கள் எதிர்த்தோம், ஏப்ரல் 2 அன்று கேரள உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இதற்கு, மூளையின் முடுக்கத்தைத் தணிக்கும் டயஸிபாம், லோரஸிபாம் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அளவாகக் கொடுத்து, சில நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம்.

கே: பேசுவது எளிது டாக்டர். பஸ் இல்லை, படுக்கை இல்லை. என் மாமா சானிடைசரைக் குடித்தார்.

ப: உங்கள் கோபம் நியாயம். ஆந்திராவின் குறிச்சேடுவில் 2020 ஜூலை இறுதியில் சானிடைசர் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். கடையை மூடிய அன்றே ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த மாத்திரைகளும் தயமினும் தயாராக இருந்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் கடையை மட்டும் மூடியது பெரிய தவறு. ஆனாலும் மதுவுக்குச் சீட்டு எழுத மாட்டேன்.

கே: ஊரடங்கில் மனநோய் மாத்திரை கிடைக்காமல் இருபது நாள் விட்டேன். நன்றாகத்தான் இருக்கிறேன். நிறுத்திவிடலாமா?

ப: வேண்டாம். மனச்சிதைவோ, மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோயோ மாத்திரையை விட்ட உடனே திரும்ப வேண்டும் என்றில்லை. பல வாரம் கழித்துக்கூட வரும். உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.

கே: தூக்க மாத்திரையை நானே நிறுத்தலாமா?

ப: மறுபடியும் அதே கேள்வி. நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கே: அம்மா இருதுருவ நோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார். கொரோனா காய்ச்சல், வயிற்றுப்போக்கு.

ப: உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். இபுப்ரோஃபென் கொடுத்தால் இன்னும் ஏறும், பாரசிட்டமால் போதும். தள்ளாட்டமோ வாய்க்குழறலோ இருந்தால் அடுத்த வேளை லித்தியம் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். நிறுத்து என்று நானே சொல்வது இந்த இடத்தில்தான்.

கே: கொரோனாவுக்குப் பிறகு வாசனையே தெரியவில்லை.

ப: காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேளுங்கள்.

கே: 2021இல் கொரோனாவில் அப்பா போனார். முகத்தைக்கூடக் காட்டவில்லை. இன்னும் அவர் செருப்பை வாசலில் இருந்து எடுக்க முடியவில்லை.

ப: செருப்பு அங்கேயே இருக்கட்டும். கடைசி முகம் பார்க்காதவர்களுக்கு, நடந்ததை நம்பவே வெகுநாள் ஆகும். அன்று விட்டுப்போன காரியத்தை இப்போது உறவினரை அழைத்துச் செய்யலாம். அப்பாவைப் பற்றி வீட்டில் சத்தமாகப் பேசுங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தாலோ, சாக வேண்டும் என்று தோன்றினாலோ, இன்றே 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.