கனமான பழைய வண்டியா, சிறிய புதிய வண்டியா?

கேள்வி: நாங்கள் மாமனார், மாமியார், ஒரு மகள் உட்பட ஐந்து பேர். அடிக்கடி திண்டுக்கல்லிலிருந்து திருச்சிக்கு நான்குவழிச் சாலையில் சென்று வருகிறோம். 2013-ஆம் ஆண்டு மகிந்திரா ஸ்கார்ப்பியோ ஒன்றும் 2021-ஆம் ஆண்டு டாடா டியாகோ ஒன்றும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வருகின்றன. கனமான வண்டிதான் விபத்தில் உயிரைக் காக்கும் என்கிறார் மாமனார். எதை வாங்கலாம்?
– வாசகி ஒருவர், திண்டுக்கல்

பதில்: டியாகோவை வாங்குங்கள்.

உங்கள் மாமனார் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. இரண்டு கார்கள் நேருக்கு நேர் மோதினால், எடை குறைந்த காரின் வேகமே சட்டென்று அதிகமாக மாறும். அதில் இருப்பவர்களுக்கே அடியும் அதிகம். ஆனால் நெடுஞ்சாலையில் நாம் அஞ்ச வேண்டியவை பாலத்தின் கைப்பிடிச் சுவர், புளியமரம், விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி ஆகியவையும்தான். அசையாத பொருளில் மோதும்போது வண்டியின் எடை துணைக்கு வருவதில்லை. அந்த எடை சுமந்து வந்த ஆற்றல் முழுவதையும் வண்டியின் முன்பகுதியே மடங்கி உள்வாங்க வேண்டியிருக்கிறது. அப்படி முறையாக மடங்குவதும், பயணிகள் அமரும் கூடு நசுங்காமல் நிற்பதும், பெல்ட்டும் ஏர்பேக்கும் சேர்ந்து உடலைத் தாங்குவதும் வடிவமைப்பைப் பொறுத்தவை.

கார்களின் விபத்துப் பாதுகாப்பைச் சோதித்து ஐந்து நட்சத்திரம் வரை தரும் குளோபல் என்கேப் அமைப்பு 2016-இல் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தபோது, ஏர்பேக் இல்லாத ஸ்கார்ப்பியோ பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அதே அமைப்பு 2020-இல் வெளியிட்ட முடிவில், இரண்டு ஏர்பேக் கொண்ட டியாகோ நான்கு நட்சத்திரம் பெற்றது. இந்தச் சோதனை தன் எடைக்கு நிகரான வண்டியோடு மோதுவதற்கு ஒப்பானது என்பதால், இரு எடை வகுப்புகளின் நட்சத்திரங்களை நேரடியாக ஒப்பிடக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருப்பினும் ஏர்பேக்கும், பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் 2013-இல் சட்டப்படி கட்டாயமாக இருக்கவில்லை. உயர்விலை ஸ்கார்ப்பியோக்களில் மட்டும் அவை கிடைத்தன. நீங்கள் பார்த்த வண்டி எந்த ரகம் என்று கட்டாயம் கேளுங்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை அதன் கடைசி இருக்கை. பல ஸ்கார்ப்பியோக்களில் அது பக்கவாட்டில் பார்த்தபடி, பெல்ட் இல்லாமல் இருக்கும். குழந்தைகள் விரும்பி ஏறும் இடமும் அதுவே. உங்கள் மகள் அங்கே அமரும் நாள் ஒன்று நிச்சயம் வரும்.

டியாகோவிலும் குறை உண்டு. பின்னிருக்கையில் மூன்று பேர் நெருக்கித்தான் உட்கார வேண்டும். நடுவில் இருப்பவருக்குத் தோளைத் தாங்காத இடுப்புப் பெல்ட் மட்டுமே கிடைக்கும். மகளை ஓரத்தில் அமர்த்துங்கள். ஐவரும் பெட்டிகளோடு வாரந்தோறும் செல்வதானால் என் பதில் மாறலாம். ஆனால் அப்போதும் பரிந்துரை இந்தப் பழைய ஸ்கார்ப்பியோவாக இருக்காது.

செலவிலும் வேறுபாடு பெரிது. 2022-இல் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி, மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு ஆண்டுக்கு 7,897 ரூபாய், டியாகோவின் வகுப்புக்கு 3,416 ரூபாய். ஸ்கார்ப்பியோவின் ஆர்.சி. 15 ஆண்டு முடிந்து 2028-இல் புதுப்பிப்புக்கு வரும்.

டியாகோவை வாங்குமுன் சாவியைத் திருப்பிப் பாருங்கள்: ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அது எரியவே இல்லை என்றாலும், அணையாமல் இருந்தாலும், முன்பு விபத்தில் சிக்கிய வண்டியாக இருக்கலாம்; காப்பீட்டு கிளெய்ம் விவரத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.